பதினோராம் நம்பர் வீடு

நான் பிறந்து வளர்ந்தது ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அங்கே எண் இல்லாத பொருளே கிடையாது. வீட்டுக்கு எண், தண்ணீர்த் தொட்டிக்கு எண், விளக்குக் கம்பத்துக்கு எண். எங்கள் வாசலில் நின்ற வேப்பமரத்துக்குக்கூட வெள்ளைப் பட்டை அடித்து அதன் மேல் கறுப்பில் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தார்கள். ஒளிந்து விளையாடும்போது 'நாப்பத்தேழுக்குப் பின்னாடி' என்றால் எங்களுக்கு அந்த மரம்தான். வருடத்துக்கு ஒரு முறை ஓர் ஆள் பெயிண்ட் டப்பாவோடு வந்து, மங்கிய எண்களை எல்லாம் புதுப்பித்துவிட்டுப் போவார். அம்மா அவருக்கு மோர் கொடுப்பாள். சுவரில் ஒருவர் வந்து எண் எழுதினால் எங்களுக்கு அதற்கு வேறு பொருள் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்த காரியத்துக்கு என்னிடம் இருக்கிற ஒரே சமாதானம் இதுதான். அதுவும் அப்படியொன்றும் பெரிய சமாதானம் இல்லை.

எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் வருடத்தில் ஆய்வு முறையியல் என்று ஒரு தாள் உண்டு. வகுப்பே அலறியது. எனக்கு மட்டும் அது வெல்லமாக இனித்தது. மற்ற தாள்களில் ஒரு பக்கமும் பேசலாம், மறு பக்கமும் பேசலாம், மூன்று மணி நேரம் நீட்டி முழக்கினால் மார்க் விழும். இதில் அந்தப் பாச்சா பலிக்காது. ஒரு கருதுகோளை எழுத வேண்டும். எது நடந்தால் அது பொய்யாகும் என்பதையும் நீயே எழுதி வைக்க வேண்டும். யாரைக் கேட்கப் போகிறாய், ஏன் அவர்களை, ஏன் அவர்கள் பக்கத்து வீட்டை இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். எனக்கு இயல்பிலேயே ஒழுங்கு பிடிக்கும். அம்மா அதைத் திமிர் என்பாள்.

தாளின் கடைசியில் களஆய்வு செய்து ஒரு திட்டக்கட்டுரை தர வேண்டும். என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேர் கேன்டீனில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சமோசாவோடு, கேள்வித்தாள்களைத் தாங்களே பூர்த்தி செய்தார்கள். பேனாவை மாற்றி மாற்றி எழுதினார்கள், கையெழுத்தைச் சாய்த்து எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு எதுக்குய்யா எம்.ஏ. படிக்கணும்?" என்று அவர்கள் முன்னாலேயே கேட்டேன். சிரித்தார்கள். இன்று யோசித்தால், அந்தக் கேன்டீன் கூட்டத்தால் ஊரில் ஒரு ஈ எறும்புக்கும் கெடுதல் வரவில்லை.

என் கருதுகோள் எளிமையானது. வீட்டுக்குப் பட்டா உள்ளவர்களைவிட இல்லாதவர்களுக்கு உள்ளாட்சியின் மேல் நம்பிக்கை குறைவாக இருக்கும். அதைச் சோதிக்கத் தோதாக ஓர் இடமும் கிடைத்தது. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஓர் ஏரி. அதன் பெயரும் கரையில் இருக்கிற குடியிருப்பின் பெயரும் வேண்டாம். முன்தெருவில் எல்லா வீடுகளுக்கும் பட்டா உண்டு. பின்னால் கரையை ஒட்டிய சந்துகளில் ஒன்றுக்கும் கிடையாது. நடுவில் ஒரு பொதுக் குழாய்தான். இதைவிட அழகான ஒப்பீடு பாடப்புத்தகத்தில்கூட இல்லை என்று பூரித்துப்போனேன்.

வீடுகளின் பட்டியல் எதுவும் கிடைக்காத இடத்தில் எப்படி மாதிரி எடுப்பது என்று பாடக்குறிப்பில் இருந்தது. ஒரு முனையிலிருந்து நடந்து, ஐந்தாவது வீடு ஐந்தாவது வீடாகத் தேர்ந்தெடு. மறுபடி வரும்போது குழம்பாமல் இருக்க வீட்டில் ஓர் அடையாளம் இடு. நான் ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். முன்தெரு முடிந்து கரையோரத்தில் நுழைந்தபோது எண் பத்து ஓடிக்கொண்டிருந்தது. நிலைக்கதவுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில், நல்ல பெரிய எழுத்தில், வட்டம் போட்டு எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பதினொன்றை எழுதி முடிக்கும்போது உள்ளேயிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் அரிசி களைந்த பாத்திரம்.

"இன்னாம்மா எழுதிக்கினு கீறே?"

"ஆய்வுக்குக்கா. ஒரு சர்வே."

அவர் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்தார். பாத்திரத்திலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"அடுத்த ஞாயிறு வந்து உக்காந்து கேக்குறேன்க்கா. அரை மணிதான் ஆகும்."

"அடுத்த வாரமேவா?"

ஆர்வமாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம் என்று சிரித்தேன். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர், மகள் பிளஸ் டூ, இருவரும் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள் என்பதை அன்றைக்கே சொன்னார். கேட்காமலே சொன்னார். "ஆறு வருசமா நாங்கதாம்மா கீறோம். அத்த நல்லா பாத்துக்கோ" என்றார். நான் தலையாட்டிவிட்டுப் பன்னிரண்டுக்காக வீடுகளை எண்ணத் தொடங்கினேன். என் முதுகுக்குப் பின்னால் சந்து முழுக்க மக்கள் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சந்து அவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது. எனக்கு அது தோன்றவில்லை.

ஆய்வு என்ற சொல்லை நான் பாடத்தில் படித்திருந்தேன். அவர்கள் அதைச் செய்தித்தாளில் படித்திருந்தார்கள். ஏரி ஆக்கிரமிப்பு, அதிகாரிகள் ஆய்வு. சர்வே என்றால் அவர்களுக்குச் சங்கிலி பிடித்து நிலம் அளப்பது. வீட்டுச் சுவரில் எண் விழுந்தால், கணக்கெடுத்துவிட்டார்கள், இனி காலி செய்வார்கள், எண் உள்ளவர்களுக்கு எங்கேயோ தொலைவில் அடுக்குமாடியில் ஒரு வீடு உண்டு, எண் இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. வேறு ஏரிக்கரைகளில் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு அப்படித்தான் நடந்திருந்தது. இதெல்லாம் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு முன்தெருவில் கேட்டு முடித்துக்கொண்டு கரையோரத்துக்குள் கால் வைத்ததும் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. எண்கள் பெருகியிருந்தன. நான் இருபத்து நாலோடு நிறுத்தியிருந்தேன். முப்பத்தொன்று இருந்தது, நாற்பது இருந்தது, பதினாலு இரண்டு வீட்டில் இருந்தது. எல்லாம் என்னைப் போலவே வட்டம் போட்டு, என் எழுத்தைப் பார்த்துப் பழகிய எழுத்தில். ஒரு வீட்டில் என் எண்ணின் மேல் மழை படாமல் இருக்க பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் வேலையைத் தொடங்கினேன். வந்த காரியம் முடிய வேண்டும் என்பது என் கெட்ட குணம்.

போன வீட்டில் எல்லாம் நாற்காலி துடைத்துப் போட்டார்கள். குளிர்பானம் வாங்கி வர ஆள் ஓடியது. நான் உட்காரும் முன்பே ரேஷன் கார்டு, கரன்ட் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் ஒரு கவரிலிருந்து வெளியே வந்து வரிசையாக விரிந்தன. நான் அவற்றில் எதையும் கேட்கவில்லை. உள்ளாட்சி மீது நம்பிக்கை, ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள் என்றேன்.

"அஞ்சு மேடம்."

அடுத்த வீடு, ஐந்து. அதற்கடுத்தது, ஐந்து. குடிதண்ணீர் வாரம் ஒரு முறை வருகிற வீட்டில் ஐந்து. சாக்கடை வாசலில் தேங்கி நிற்கிற வீட்டில், மூக்கைப் பொத்திக்கொண்டு நான் கேள்வி கேட்ட வீட்டில், "அஞ்சுக்கு மேல இன்னா கீதோ அத்த போட்டுக்கோ" என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் ஒரு பெண் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துவிட்டு, என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எங்க குடுப்பாங்க வூடு? ரொம்ப தூரமா? எங்க பையனுக்கு இங்கதான் டயாலிசிஸ்."

சந்தின் நடுவில் வந்து நின்று, வகுப்பில் பேசுவது போல உரக்கச் சொன்னேன். இது காலேஜ் வேலை. நான் மாணவி. இந்த எண்ணை நான்தான் எழுதினேன், எனக்காக எழுதினேன். யாரும் யாரையும் காலி செய்யப் போவதில்லை.

எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். காலையிலிருந்து என்னைப் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்த லுங்கிக்காரர் ஒருவர் தலையை ஆட்டினார்.

"அப்டித்தாம்மா சொல்லுவாங்க. எங்க மச்சான் ஊட்டாண்ட வந்தவங்களும் காலேஜ்னுதான் சொன்னாங்க. உன்ன தப்பு சொல்ல மாட்டோம். மேல இருக்கறவன் சொல்லாதன்னா நீ இன்னா பண்ணுவ?"

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது என் வாயிலிருந்து வெளியே வந்ததும் எனக்கே எதிராகத் திரும்பியது. இல்லை என்றேன், மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் என்றேன், விஷயம் பெரியது என்று எடுத்துக்கொண்டார்கள். அழுகை வந்தது, அதைப் பார்த்துச் சில பெண்களும் அழுதார்கள், எனக்கே தாங்கவில்லையாம், அப்படியென்றால் காலி செய்யச் சீக்கிரமாக வரப்போகிறார்களாம்.

பதினோராம் நம்பர் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. வந்திருந்தது வீட்டு ஓனர். ஐயப்பன்தாங்கலில் மாடி வீடு கட்டிப் போய்ப் பல வருடம் ஆகிறது. எண் விழுந்த செய்தி அவருக்கு எட்டியிருந்தது. கணக்கெடுக்க வரும்போது யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குத்தான் மாற்று வீடு. அதனால் அந்த வாரமே அக்காவும் மகளும் காலி செய்ய வேண்டும், அவர் வந்து இருந்துகொள்வார். கத்தவில்லை, மிரட்டவில்லை. ரயில் நேரம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோ, வந்துட்டாங்க. இவங்களே சொல்வாங்க. இப்பவே எழுதிக்கோம்மா. நாங்கதான் கீறோம்னு எழுதிக்கோ. எம் பேரு எழுது, எம் பொண்ணு பேரு எழுது."

"அக்கா, இது அது இல்ல. இது காலேஜ்..."

"சரி, காலேஜுதான். எழுதிக்கோ."

அவர் பெயரைச் சொன்னார். மகள் பெயரைச் சொன்னார். இரண்டு முறை சொன்னார், எழுத்துக் கூட்டி. படிவத்தில் பெயர் எழுத இடம் இல்லை. இருக்கக் கூடாது. பதிலளிப்பவர் யார் என்று எவருக்கும் தெரியக் கூடாது, அது அவருடைய பாதுகாப்புக்காக, என்று நான் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்துக்காக வகுப்பில் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

"இதுல பேரு எழுத மாட்டோம்க்கா," என்றேன். "நம்பர் மட்டும்தான்."

அவர் என் கையை விட்டார். படிவத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "பேரே இல்லாம எப்டிம்மா நாங்கதான்னு தெரியும்?" என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்குப் பதில் தெரியும், பாடத்தில் இருக்கிறது, தெரியாமல் இருப்பதுதான் நோக்கம். படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உள்ளே பிளஸ் டூ பெண் புத்தகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முன்னாலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஓனரிடம் மன்றாடினேன். சார், இது என் சாக்பீஸ், என் எழுத்து, பாருங்கள் என்று டப்பாவை எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "புரியுது மேடம். நீங்க உங்க வேலையப் பாருங்க. எனக்கு எவ்ளோ நாள் டைம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

மறுநாள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, ஒரு வாளியும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனேன். எல்லா எண்களையும் அழித்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் வீட்டில் பாதி துடைப்பதற்குள் ஒரு பெண் வந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"எங்க நம்பர ஏன் அழிக்கிற? எவன் சொல்லி அனுப்சான்?"

பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். நேற்று நாற்காலி துடைத்துப் போட்டவர்கள். லிஸ்ட்டிலிருந்து எங்களை மட்டும் எடுக்கிறாயா, எங்களை எடுத்துவிட்டு யாரை வைக்கப் போகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் வாளியைக் காலால் தள்ளிவிட்டார். நான் அழித்த பாதி எண்ணை அந்தப் பெண்ணே என் சாக்பீஸை வாங்கி முழுசாக்கினார். திரும்பும்போது பதினோராம் நம்பர் வீட்டைக் கடந்தேன். அங்கே சாக்பீஸ் எழுத்து இல்லை. அதே இடத்தில், அதே வட்டத்தோடு, சிவப்பு எனாமல் பெயிண்டில் பதினொன்று. ஓனர் அழியாமல் எழுதிவிட்டிருந்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை, வட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து நிலைப்படி வரைக்கும் ஒரு கோடு வழிந்திருந்தது.

முறையியல் நடத்திய ஆசிரியையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நல்லவர்தான், அந்த வாரம் அவர் மேசையில் நாற்பது கட்டுரைகள் கிடந்தன. கேட்டுவிட்டு, "பாவம்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆய்வின் வரம்புகள்னு கடைசியில வருமே, அதுல ஒரு பத்தி எழுதிடு" என்றார். பிறகு விதியை நினைவுபடுத்தினார். மூன்று முறை போயும் ஆள் இல்லாவிட்டால்தான் பக்கத்து வீட்டை எடுக்கலாம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கேட்டு முடி.

அதனால் மூன்றாவது ஞாயிறும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கேன்டீனில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். பதினோராம் நம்பர் வாசலில் பனியனோடு ஓனர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதுக் கேஸ் அடுப்பு, சுருட்டி வைத்த பாய், சுவரில் அவர் குடும்பப் போட்டோ. அக்காவும் மகளும் எங்கே என்று கேட்டேன். பூந்தமல்லிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார், எந்தச் சொந்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் படிவத்தை எடுத்தேன்.

"எத்தனை வருஷமா இங்க குடியிருக்கீங்க?"

"பொறந்ததுலேர்ந்து மேடம்."

எழுதிக்கொண்டேன். பதிலளிப்பவர் சொல்வதைத் திருத்தக் கூடாது. நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து என்றார்.

கட்டுரையில் என் கருதுகோள் தலைகீழாக விழுந்தது. பட்டா இல்லாதவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம் என்று வந்தது. எதிர்பாராத முடிவு, சுவாரசியமானது என்று வாய்மொழித் தேர்வில் சொன்னார்கள். வரம்புகள் பகுதியில், 'களஆய்வின் இடையில் சில வீடுகளில் குடியிருப்போர் மாறியிருந்தனர்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எனக்குத்தான் அதிக மார்க்.

அந்த ஏரிக்கரைக்கு இன்றுவரை எந்த அதிகாரியும் கணக்கெடுக்க வரவில்லை. ஓனர் ஐயப்பன்தாங்கலுக்குத் திரும்பிப் போய்விட்டார், வீட்டை வேறு யாருக்கோ விட்டிருக்கிறார். ரயிலில் போகும்போது அந்தச் சிவப்பு தெரியாது. இருந்தாலும் நெமிலிச்சேரி வந்தால் நான் மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது மேனாம்பேட்டில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் சாயங்காலம் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி விட்ட கூட்டம். யாரோ தோளைத் தொட்டார்கள். அந்த அக்கா. மெலிந்திருந்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா கீறியா பாப்பா? லிஸ்ட்டு வந்துச்சா? எங்க பேரு கீதா?"

"லிஸ்ட்டே இல்லக்கா," என்றேன். "அன்னைக்கே சொன்னேனே."

"இல்லியா," என்றார். பெயர் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது. திருத்த வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திருத்துவது? மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பரீட்சை எழுதவில்லை, பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது, அவளும் இப்போது கம்பெனியில்தான், பேக்கிங்கில் என்றார். எந்த மனத்தாங்கலும் இல்லாமல் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அவருடைய பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"இப்ப கால்வா ஓரம் கீறோம். அங்க யாரும் இன்னும் நம்பர் போடல. சொந்தமா நாங்களே போட்ட ஷெட்டு, எந்த ஓனரும் கெடியாது. ஒரு நாள் வந்து முன்னாடியே ஒரு நம்பர் போட்டுட்டு போயேன் பாப்பா. இந்த தபா பேரையும் எழுதிக்கோ. சாக்பீஸ் கீதா உன்னாண்ட?"

என் பையில் ஒரு டப்பா நிறைய இருந்தது. இல்லைக்கா என்றேன்.